டேங்கர் கவிழ்ந்தது, ரோடு மூடியாச்சு... பின்னாடி நிற்கும் லாரி டிரைவர்களை யார் கவனிப்பது?

"கேஸ் டேங்கர் கவிழ்ந்தது. போக்குவரத்து நிறுத்தம். பல கிலோமீட்டர் தூரத்துக்கு வாகனங்கள் அணிவகுத்து நின்றன."

இந்த மாதிரி செய்தியை நாம் எல்லோருமே படித்திருப்போம். டேங்கர் டிரைவர் தப்பித்தாரா, பக்கத்து ஊர் மக்களை வெளியேற்றினார்களா, எத்தனை மணிக்கு ரோடு திறந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அணிவகுத்து நின்ற அந்த வண்டிகளுக்குள் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது.

கார்க்காரர் எப்படியாவது சர்வீஸ் ரோட்டில் இறங்கித் திரும்பிவிடுவார். பஸ் பயணிகள் இறங்கி நடந்துவிடுவார்கள். கடைசிவரை அங்கேயே நிற்பது லாரிக்காரர்கள்தான். ஆபத்து, பசி, நஷ்டம் மூன்றும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. இது ஏன் இப்படி, சட்டம் என்ன சொல்கிறது, என்ன மாறணும்? பார்ப்போம்.

கோவையில் நடந்தது, ஜெய்ப்பூரில் நடந்தது

2025 ஜனவரி 3, அதிகாலை. கொச்சியில் இருந்து கோவைக்கு 18 டன் எல்பிஜி ஏற்றி வந்த டேங்கர், உப்பிலிபாளையம் அருகே அவிநாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது விபத்தில் சிக்கியது. டேங்க் தனியாகக் கழன்று ரோட்டில் விழுந்தது. கேஸ் கசிய ஆரம்பித்தது. தீயணைப்பு வீரர்கள் தொடர்ந்து தண்ணீர் பீய்ச்சினார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. போக்குவரத்தைத் திருப்பிவிட்டு, பல மணி நேரம் போராடி, கிரேன் வைத்து டேங்கைத் தூக்கினார்கள். உயிரிழப்பு இல்லை. நகரமே பெருமூச்சு விட்டது.

அதற்கு சரியாக இரண்டு வாரம் முன்பு, 2024 டிசம்பர் 20. ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் - அஜ்மீர் நெடுஞ்சாலை, பாங்க்ரோட்டா பகுதி. அதுவும் அதிகாலைதான், அதுவும் எல்பிஜி டேங்கர்தான். யூ-டர்ன் எடுத்த டேங்கர் மீது எதிரே வந்த லாரி மோதியது. வால்வு உடைந்து கேஸ் வெளியேறியது, தீப்பிடித்தது. டேங்கரும் மோதிய லாரியும் மட்டும் எரியவில்லை. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் இருந்த லாரிகள், ஒரு ஸ்லீப்பர் பஸ் உட்பட 30க்கும் மேற்பட்ட வண்டிகள் எரிந்தன. சுமார் 20 பேர் இறந்தார்கள்.

இரண்டு விபத்துக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் ஒரு தீப்பொறி. கோவையில் அது கிடைக்கவில்லை, ஜெய்ப்பூரில் கிடைத்துவிட்டது. 2012 ஆகஸ்டில் கேரளாவின் கண்ணூர் அருகே சாலா என்ற இடத்தில் டேங்கர் கவிழ்ந்து வெடித்தபோதும் 20 பேர் இறந்தார்கள். ஆக, ரோட்டை மூடுவது தப்பே இல்லை. மூடித்தான் ஆகணும். மூடிய பிறகு, ஏற்கெனவே வரிசையில் மாட்டிக்கொண்டவர்களை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

ஒரு டேங்கரைத் தூக்க ஏன் இவ்வளவு நேரம்?

"கிரேன் கொண்டு வந்து ஓரமா தள்ளினா முடிஞ்சு போச்சு, இதுக்கு எதுக்கு பத்து மணி நேரம்?" வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் இந்தக் கோபம் வரும். நியாயம்தான். ஆனால் உள்ளே இருப்பதைப் பொறுத்துத்தான் வேலை நடக்கும்.

எல்பிஜி டேங்குக்குள் அழுத்தத்தில் திரவமாக இருக்கும். வெளியே வந்தால் சுமார் 250 மடங்கு விரிந்து வாயுவாகிவிடும். காற்றைவிட கனமானது. அதனால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து பள்ளம், சாக்கடை, பாலத்துக்கு அடிப்பகுதி என்று போய்த் தேங்கும். காற்றில் வெறும் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். இந்த நிலையில் டேங்கை இழுத்தால், இரும்பும் ரோடும் உரசும் ஒரு பொறி போதும். அதனால் முதலில் தண்ணீர் பீய்ச்சி வாயுவைக் கலைக்கணும், கசிவை அடைக்கணும். தேவைப்பட்டால் இன்னொரு காலி டேங்கரை வரவழைத்து கேஸை மாற்றணும். அப்புறம்தான் கிரேன்.

அமிலம் என்றால் வேறு கதை. மணல் அணை கட்டி ஓடைக்குள் போகாமல் தடுத்து, சுண்ணாம்பு மாதிரி பொருள் போட்டு வீரியத்தைக் குறைத்து, ரோட்டைக் கழுவி, அதற்குப் பிறகு வண்டி விடணும். அம்மோனியா என்றால் மூச்சுக்கருவி இல்லாமல் ஒருவரும் பக்கத்தில் போக முடியாது.

எவ்வளவு தூரம் மூடணும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து வெளியிடும் அவசரகாலக் கையேட்டின்படி, எல்பிஜி போன்ற வாயு பெரிய அளவில் கசிந்தால் காற்று வீசும் திசையில் குறைந்தது 800 மீட்டருக்கு ஆட்களை வெளியேற்றுவதைப் பரிசீலிக்கணும். டேங்கர் தீயில் சிக்கிவிட்டால் எல்லாத் திசையிலும் 1,600 மீட்டர். அதாவது ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல்.

இப்போ இதை நெடுஞ்சாலை மேல் வைத்துப் பாருங்கள். விபத்து நடந்த சில நிமிஷத்தில் பின்னாடி வரிசை சேர்ந்துவிடும். அந்த 1,600 மீட்டருக்குள் எத்தனை லாரிகள் நிற்கும்? வீட்டில் இருப்பவரை போலீஸ் கதவைத் தட்டி வெளியேற்றுகிறது. கேபினில் தூங்கும் டிரைவரின் கதவை யார் தட்டுவது?

லாரி ஏன் திரும்பிப் போக முடியாது?

நாமக்கல்லில் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் ஒரு லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னாடி ரோடு மூடியாச்சு. நடுவில் தடுப்புச் சுவர், யூ-டர்ன் எடுக்க வழியில்லை. பின்னாடி நூறு வண்டி, ரிவர்ஸும் எடுக்க முடியாது. ஊருக்குள் இறங்கலாம் என்றால் சின்ன பாலம், தாழ்வான கரண்ட் கம்பி, பகல் நேரத்தில் கனரக வாகனங்களுக்குத் தடை. மாற்றுப்பாதை அறிவிப்பு வந்தாலும் அது பெரும்பாலும் இன்னும் வந்து சேராத வண்டிகளுக்குத்தான் உதவும்.

வண்டியை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. லோடு அவர் பொறுப்பு. டீசல் திருட்டு, தார்ப்பாயை அறுத்து சரக்கு திருட்டு என்று பயம். கிளீனர் இல்லாமல் தனியாக ஓட்டும் டிரைவர்கள் இப்போ நிறைய. தனி ஆள் என்றால் தண்ணி பாட்டில் வாங்கக்கூட இறங்கிப் போக யோசிப்பார். கழிவறைக்கு? ரோட்டோரம்தான்.

டேங்கருக்குப் பின்னால் எழுதியிருக்கும் போர்டு

கவிழ்ந்து கிடக்கும் டேங்கருக்குள் என்ன இருக்கிறது என்பது ரகசியம் இல்லை. அது வண்டியிலேயே எழுதியிருக்கணும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 129 முதல் 137 வரை உள்ள விதிகள் ஆபத்தான சரக்கு பற்றியவை. விதி 134இன்படி, அப்படிப்பட்ட வண்டியின் இரண்டு பக்கமும் பின்னாலும் அவசரத் தகவல் பலகை இருக்கணும். சரக்கின் பெயர், அதன் ஐ.நா. எண், அபாயக் குறியீடு, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண், சரக்கு அனுப்பியவர் எண், விவரம் தெரிந்த நிபுணர் எண் எல்லாம் அதில் வரும்.

ஐ.நா. எண் உலகம் முழுக்க ஒன்றுதான். 1075 என்றால் எல்பிஜி. 1203 என்றால் பெட்ரோல். 1005 என்றால் அம்மோனியா. 1830 என்றால் கந்தக அமிலம். இதோடு 'ஹாஸ்கெம்' என்ற குறியீடும் இருக்கும். பெட்ரோல் டேங்கரில் '3 ஒய் இ' என்று பார்க்கலாம். 3 என்றால் நுரை அடித்துத்தான் அணைக்கணும். ஒய் என்றால் மூச்சுக்கருவி தேவை, சாக்கடைக்குள் கழுவி விடக்கூடாது என்று அர்த்தம். கடைசி எழுத்து 'இ' இருந்தால், சுற்றி இருக்கும் ஆட்களை வெளியேற்றுவது பற்றி யோசி என்று பொருள்.

டேங்கர் டிரைவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கணும். விதி 9இன்படி அவருக்கு சிறப்புப் பயிற்சி கட்டாயம். ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்கணும். கேபினில் 'ட்ரெம் கார்டு' எனப்படும் அவசரகாலக் குறிப்பு அட்டை வைத்திருக்கணும்.

ஆனால் அவருக்குப் பின்னால் முட்டை, சிமென்ட், தக்காளி ஏற்றி வருபவருக்கு? அவருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. விபத்து நடந்தால் முதலில் அந்த இடத்தில் இருக்கப்போகிறவர் அவர்தான். போர்டு அவர் கண்ணுக்கு நேரே இருக்கிறது. அதைப் படிக்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அடுப்பும் இன்ஜினும்: இங்கேதான் நிஜமான ஆபத்து

நீண்ட தூரம் ஓட்டும் லாரிகளில் ஒரு சின்ன அடுப்பு இருக்கும். ஹோட்டல் செலவு கட்டுப்படியாகாது, வழியில் கிடைப்பது வயிற்றுக்கும் ஒத்துக்காது. வண்டி நாலு மணி நேரம் நகராது என்று தெரிந்தால் ஒரு டிரைவர் என்ன செய்வார்? ஓரமாக உட்கார்ந்து சமைப்பார். டீ போடுவார். பீடி பற்றவைப்பார். இது எல்லா ஜாமிலும் நடப்பது. முன்னால் நிற்பது கேஸ் கசியும் டேங்கர் என்று தெரியாதவரை இதில் தப்பு எதுவும் இல்லை. தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை.

இன்னொன்று. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். டிரைவர்கள் ரொம்ப காலம் எதிர்பார்த்த நல்ல மாற்றம். ஆனால் நிற்கும் லாரியில் ஏசி ஓடணும் என்றால் இன்ஜின் ஓடணும். கேஸ் கசியும் இடத்தில் ஓடும் இன்ஜின் தீப்பொறிக்கு ஒரு வாய்ப்பு. மே மாத வெயிலில், காரணம் சொல்லாமல் "இன்ஜினை ஆஃப் பண்ணு" என்று மட்டும் சொன்னால் எத்தனை பேர் கேட்பார்கள்? காரணம் சொன்னால் கேட்பார்கள்.

சிந்திய பொருளை அள்ளப் போவது இன்னொரு ஆபத்து. 2017 ஜூனில் பாகிஸ்தானின் பஹாவல்பூர் பகுதியில் கவிழ்ந்த டேங்கரில் இருந்து எரிபொருள் பிடிக்க ஊரே கூடியது. தீப்பிடித்ததில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நின்ற நேரத்துக்கு காசு யார் தருவது?

சுருக்கமான பதில்: பெரும்பாலும் யாரும் இல்லை.

நம்ம ஊரில் நிறைய லாரி டிரைவர்களுக்கு டிரிப் கணக்கில்தான் சம்பளம், கூடவே பேட்டா. இரண்டு நாளில் முடியும் டிரிப் மூன்று நாள் ஆனால், அந்த மூன்றாவது நாள் அவர் கணக்கில் கழிந்ததுதான். 'ஹால்டிங்' காசு என்று ஒன்று உண்டு. அது பெரும்பாலும் கம்பெனி வாசலில் லோடு ஏற்ற, இறக்க ஆகும் தாமதத்துக்குத்தான் பேசப்படுகிறது. நடுரோட்டில் நின்றதற்கு யாரிடம் கேட்பது?

சட்டத்தில் வழியே இல்லையா? 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் சுவாரசியமான ஒரு விளக்கம் இருந்தது. வண்டி காலையில் கிளம்பியதில் இருந்து அன்றைய ஓட்டம் முடியும்வரை உள்ள நேரம் வேலை நேரம். நடுவில் நின்ற நேரத்தைக் கழிக்கணும் என்றால், அந்த நேரத்தில் தொழிலாளி தன் இஷ்டப்படி இருக்க சுதந்திரம் இருந்திருக்கணும். ஜாமில் மாட்டிய டிரைவருக்கு அந்தச் சுதந்திரம் ஏது? லோடைக் காவல் காத்துக்கொண்டு, எப்போ வரிசை நகரும் என்று ஸ்டியரிங் பிடித்தபடி இருப்பது வேலை இல்லாமல் வேறென்ன? அந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. பழைய சட்டமே ஐந்து தொழிலாளர்களுக்குக் குறைவான நிறுவனங்களுக்குப் பொருந்தாது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர்களிடம் வேலை செய்யும் டிரைவர்கள் அப்போதே வெளியேதான் இருந்தார்கள்.

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆபத்தான பொருளைக் கையாள்பவர் தப்பு செய்தாரா இல்லையா என்று பார்க்காமலே, பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் தரணும் என்கிறது. வாகனத்தில் கொண்டு போவதும் அதில் அடங்கும். கலெக்டரிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது உயிரிழப்பு, காயம், சொத்து சேதம் ஆகியவற்றுக்குத்தான். பத்து மணி நேரம் ரோட்டில் நின்றதற்கும், அதனால் போன அடுத்த டிரிப்புக்கும் அதில் இடமில்லை.

இதற்கு நடுவில் ஜிஎஸ்டி இ-வே பில் வேறு. சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. ரோட்டில் நிற்கும்போது பில் காலாவதி ஆகிவிட்டால், அடுத்த மாநில சோதனையில் வண்டி மாட்டும். காலாவதி ஆவதற்கு 8 மணி நேரம் முன்போ, பின்போ நீட்டிக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அதை டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் செய்யணும். டிரைவர் சார்ஜ் இல்லாத போனோடு இருந்தால் ஆபீஸுக்கு எப்படித் தெரியும்?

மற்ற நாடுகளில் எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு எடுக்கணும். ரோடு திடீரென்று மூடி, நேரக் கணக்கு குழம்பினால், பாதுகாப்பான நிறுத்தம் வரை போக அந்த வரம்பை மீற அனுமதி உண்டு. காரணத்தைக் கைப்பட எழுதி வைக்கணும், அவ்வளவுதான். ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டியில் இருக்கும் அவசரக் குறிப்பு, அந்த வண்டியில் இருப்பவர்களுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்கணும். 'நீ ரோட்டில் மாட்டிக்கொள்ளலாம், அது உன் தப்பில்லை' என்பதைச் சட்டமே முன்கூட்டி யோசித்திருக்கிறது.

நீங்கள் டிரைவராக இருந்தால்...

(உங்கள் வீட்டில், தெருவில் டிரைவர் அண்ணன்கள் இருந்தால் இந்தப் பகுதியை மட்டுமாவது ஃபார்வர்டு பண்ணுங்கள்.)

* முன்னால் டேங்கர் கவிழ்ந்திருந்தால் கிட்டப் போய்ப் பார்க்காதீர்கள். தூரத்தில் இருந்தே போர்டில் உள்ள எண் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

* கேஸ் வாசனை வந்தாலோ, தரையோடு வெள்ளையாகப் பனி மாதிரி படர்ந்தாலோ இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி நடங்கள். திரும்ப ஸ்டார்ட் பண்ண வேண்டாம். காற்று டேங்கர் பக்கம் இருந்து உங்கள் பக்கம் வீசினால், நேராகப் பின்னால் ஓடாமல் பக்கவாட்டில் விலகி மேடான இடத்துக்குப் போங்கள். பள்ளம் வேண்டாம்.

* வாசனை இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள். வீட்டு கேஸில் வாசனைப் பொருள் சேர்க்கிறார்கள். தொழிற்சாலைக்குப் போகும் எல்லா வாயுவிலும் அது இருக்கும் என்று நம்ப முடியாது.

* அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. தூங்கும் பக்கத்து வண்டிக்காரரைத் தட்டி எழுப்புங்கள்.

* விலகிப் போன பிறகு 112க்கோ, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கோ அழைத்து கிலோமீட்டர் கல் எண்ணையும் போர்டு எண்ணையும் சொல்லுங்கள்.

* ரோடு மூடியது உறுதி என்றால் உடனே ஆபீஸுக்குச் சொல்லி இ-வே பில்லை நீட்டிக்கச் சொல்லுங்கள். ஃபாஸ்டேக் டோல் மெசேஜில் நேரம் இருக்கும். எப்போ எங்கே இருந்தீர்கள் என்பதற்கு அது ஓர் ஆதாரம். அழிக்காதீர்கள்.

நிர்வாகம் என்ன செய்யலாம்?

1996ஆம் ஆண்டின் ரசாயன விபத்து விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் நெருக்கடிக் குழு இருக்கணும். அந்தக் குழுவின் திட்டத்தில் மூன்று விஷயம் சேர்த்தாலே நிலைமை பெரிதாக மாறும்.

முதலாவது, தகவல். 2023இல் நம் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அலறி, "இது சோதனைச் செய்தி" என்று காட்டியது ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தொழில்நுட்பத்துக்கு யாருடைய நம்பரும் தேவையில்லை. குறிப்பிட்ட டவருக்குக் கீழே உள்ள எல்லா போனுக்கும் போகும். ஃபாஸ்டேக்கில் பதிவான நம்பர் பல லாரிகளில் ஓனருடையது. அதனால் டிரைவர் கைக்கே போகும் இந்த வழிதான் சரி. "முன்னால் கேஸ் கசிவு. இன்ஜினை நிறுத்து. அடுப்பு பற்றவைக்காதே. இறங்கி நட." இந்த நாலு வரி தமிழ், இந்தி, மலையாளம், கன்னடம், தெலுங்கில் போனால் போதும்.

இரண்டாவது, நிறுத்தும் இடம். ரோடு மூடினதும் லாரிகளை வெட்டவெளியில் சேரவிடாமல், முந்தைய டோல் பிளாசாவிலேயே நிறுத்தலாம். அங்கே கழிவறை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். டோல் கட்டிய ரோட்டில் இதைக் கேட்பது அதிகம் இல்லை.

மூன்றாவது, காசு. டேங்கர் கவிழ்ந்தால் சரக்கு அனுப்பியவருக்கும் காப்பீடு இருக்கிறது, ஏற்றிச் சென்றவருக்கும் காப்பீடு இருக்கிறது. பின்னால் நின்றவரின் ஒரு நாள் பேட்டாவும் அந்தக் கணக்குக்குள் வரணும். குறைந்தபட்சம், சாலை மூடல் நேரத்தைப் போலீஸ் அதிகாரப்பூர்வமாக அறிவித்தால், அதைக் காட்டி டிரைவர் தன் ஓனரிடமாவது கேட்க முடியும். இப்போ அவரிடம் அதைச் சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

கோவையில் அன்று தீப்பொறி கிடைக்காமல் போனதற்குத் தீயணைப்பு வீரர்களின் உழைப்பு பெரிய காரணம். அடுத்த முறை அந்தப் பொறி டேங்கர் பக்கத்தில் இருந்து வராமல், அரை கிலோமீட்டர் பின்னால் டீ போட உட்கார்ந்த ஒருவரின் அடுப்பில் இருந்து வரலாம். அவருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டால், அவர் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார்.